வேதம் வாசிக்க எந்த வழி? வாக்குத்தத்த அட்டை முதல் குடும்ப ஜெபம் வரை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களின் கையில் பல சபைகளில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று, அந்த ஆண்டுக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. மற்றது ஓராண்டு வேத வாசிப்பு அட்டவணை. அட்டை பீரோ கண்ணாடியில் ஏறி அடுத்த டிசம்பர் வரை அங்கேயே இருக்கும். அட்டவணை வேதாகமத்துக்குள் போகும். பிப்ரவரியில் லேவியராகமம் பக்கம் தங்கிவிடும். மார்ச்சில் போதகர் ‘எத்தனை பேர் விடாமல் வாசிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் முன்வரிசைகூடத் தரையைப் பார்க்கும்.

வேதம் வாசிக்க வேண்டுமா என்பது நம் வீடுகளில் விவாதமே இல்லை. எந்த வழியில் வாசிப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. சபையில் கொடுத்ததை எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் கைப்பேசியில் வந்ததை. யோசிக்கிறவர்களும் நேரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள்: காலையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் அடங்குவது எது? நேரம் முக்கியந்தான். ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. நானாக ஒருபோதும் தேர்ந்தெடுக்க மாட்டாத பகுதிகளை எந்த வழி என் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது? பணம், கூலி, சாதி, பெற்றோர், கோபம் என்று எதை எடுத்தாலும் நமக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறது. நாமே பொறுக்கியெடுக்கும் வசனங்கள் அந்தக் கருத்துக்குத் தலையாட்டும். நம்மோடு மல்லுக்கு நிற்கிற வசனங்கள் பெரும்பாலும் நாம் தாண்டிப்போகிற பக்கங்களில் இருக்கின்றன.

முதலில் வாக்குத்தத்த வசனம். இதைக் கிண்டல் செய்வது இப்போது படித்தவர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது; எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளுக்கு ஒரு வசனம் என்ற பழக்கத்துக்குக் கண்ணியமான வரலாறு உண்டு. ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறிய மொராவிய அகதிகள், தாங்கள் உண்டாக்கிய ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728-இல் இதைத் தொடங்கினார்கள். முந்தின மாலைக் கூட்டத்தில் கொடுக்கப்பட்ட வசனம் மறுநாள் வீடு வீடாகச் சொல்லப்பட்டது. 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் புத்தகமாகவே வருகின்றன. இன்றும் அந்த ஊரில் சீட்டுப் போட்டுத்தான் பழைய ஏற்பாட்டு வசனங்களை எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைக் கூடவே சேர்க்கிறார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: ஊருக்கே ஒரே வசனம். எனக்கு இது பிடிக்கவில்லை என்று இன்னொரு சீட்டு எடுக்க அங்கே வழியில்லை.

நம் வாக்குத்தத்தப் பெட்டியில் சீட்டு விழுவதற்கு முன்பே சல்லடை வேலை முடிந்துவிடுகிறது. ‘உன்னை ஆசீர்வதிப்பேன்’, ‘உன்னைப் பெருகப்பண்ணுவேன்’ என்பவை உள்ளே இருக்கும். ‘உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்’ என்ற ஆமோஸ் 5:21 உள்ளே இருக்காது. அச்சுக்கூடக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. புத்தாண்டு இரவில் அந்த அட்டையை யார் வாங்குவார்கள்?

சல்லடையைவிடப் பெரிய சிக்கல், வசனம் தன் அதிகாரத்தைவிட்டுத் தனியே வந்துவிடுவது. ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13 தேர்வு எழுதப்போகிற பிள்ளையின் பென்சில் பெட்டியிலும் ஆட்டோவின் பின்புறத்திலும் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் பவுல் என்ன சொல்கிறார்? ‘திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன்’ என்கிறார். சிறையிலிருந்து எழுதுகிறவர், சோறு இல்லாத நாளையும் தாங்கத் தனக்குப் பெலன் உண்டு என்று சொல்லும் இடம் அது. எரேமியா 29:11-உம் இப்படித்தான். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்ற தவணை இருக்கிறது. கடிதம் கையில் கிடைத்தபோது நாற்பது வயதானவர் தாயகத்துக்குத் திரும்பப்போவதில்லை என்பது அதன் பொருள். அதே கடிதத்தின் ஐந்தாம் வசனம் அவர்களை அந்நிய ஊரிலேயே வீடு கட்டச் சொல்கிறது, ஏழாம் வசனம் அந்த ஊரின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. இந்த ஆண்டே வேலை கிடைக்கும் என்ற அர்த்தத்தில் இதைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர், கிடைக்காதபோது கடவுள்மீது கோபப்படுகிறார். அந்தக் கோபத்துக்குக் காரணம் எரேமியா அல்ல.

ஆனாலும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மூன்று அதிகாரம் வாசிக்கச் சொல்லி அட்டவணை நீட்டுவது கொடுமை. அங்கே ஒரு வசனம் போதும். சிலருக்கு அதைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாது. மற்ற நாட்களில் ஒரே ஒரு நிபந்தனையோடு இந்த வழியை ஏற்கலாம்: அட்டையில் வந்த வசனத்தின் முழு அதிகாரத்தையும் அன்றைக்கே திறந்து வாசித்துவிட வேண்டும்.

அடுத்தது ஓராண்டுத் திட்டம். கணக்கு எளிது. சீர்திருத்தச் சபைகளின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து என்று வாசித்தால் ஆண்டு முடிவதற்குள் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்துவிடும். பாட்டிமார் காலத்திலிருந்து வருகிற கணக்கு இது. இதன் பலவீனமும் கணக்கிலேயே இருக்கிறது. வாரத்துக்கு 23 அதிகாரம் என்றால் ஜனவரி நான்காம் வாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் கொக்கிகளும் வந்துவிடும். ஜனவரி கடைசியில் லேவியராகமம், அதை அடுத்து எண்ணாகமம். பிப்ரவரி நடுவில்தான் உபாகமத்தில் மூச்சு விடலாம். அதற்குள் பாதிப்பேர் நின்றிருப்பார்கள்.

இதற்கு மாற்று கண்டவர் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரப் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன். 1842-ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபையாருக்காக அவர் தயாரித்த அட்டவணை இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. நாளுக்கு நான்கு அதிகாரங்கள், நான்கு வேறு இடங்களிலிருந்து. ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1: உலகம் தொடங்குகிறது, கிறிஸ்து பிறக்கிறார், சிறைப்பட்டவர்கள் திரும்புகிறார்கள், சபை பிறக்கிறது. இரண்டு அதிகாரம் குடும்பத்தோடு, இரண்டு தனியாக. ஆண்டு முடிவில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறையும் முடியும். வறண்ட பகுதி வரும் நாளில் பக்கத்தில் ஒரு சுவிசேஷமும் இருக்கும் என்பது இதன் சிறப்பு. இந்த அட்டவணையைக் கொடுத்தபோதே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடும், சுயநீதி தலைதூக்கும், கவனமில்லாமல் கண் ஓடும், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகும். அட்டவணையை நகலெடுத்துக் கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை நகலெடுப்பதில்லை. சில மாதங்களில், 29 வயதில் மெக்செய்ன் இறந்துபோனார்.

சுயநீதியைப் பற்றி அவர் சொன்னது நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். ‘வேதத்தை ஒன்பது தடவை முடித்துவிட்டேன்’ என்று சாட்சி சொல்கிறவர்களை எல்லாச் சபையிலும் காணலாம். ஒன்பதாவது தடவைக்குப் பிறகு வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளம் உயர்ந்ததா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், என் அளவுகோலின்படி ஓராண்டுத் திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் தர வேண்டியிருக்கிறது. அது எதையும் தாண்ட விடாது. எல்லோரும் நின்றுபோகிற அந்த லேவியராகமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக’ என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இயேசு அதை எடுத்தது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்திலிருந்து. அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தவர்கள் குறைவு. அறுவடையில் வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது அது. ‘கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது’ என்கிறது. நரைத்தவருக்கு முன்பாக எழுந்திருக்கச் சொல்கிறது. குடியிருக்க வந்த அந்நியனை உள்ளூர்க்காரனைப்போல எண்ணி, அவனிலும் அன்புகூரச் சொல்கிறது. தராசும் எடைக்கல்லும் சரியாயிருக்க வேண்டும் என்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களைத் தகரக் கொட்டகையில் தங்கவைத்து வேலைவாங்கும் ஒருவர், பிறனில் அன்புகூருவாயாக என்ற வசனத்தை மட்டும் அறிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அதிகாரம் முழுவதையும் வாசித்தால் தூக்கம் கொஞ்சம் கெடும். அன்பு என்ற சொல்லுக்குக் கூலி, எடை, வயல் ஓரம் என்று கைகால் முளைப்பது அந்தப் பக்கத்தில்தான்.

வழிபாட்டு அட்டவணை வழியாக வாசிப்பது மூன்றாவது. கத்தோலிக்கர்களுக்கு இது நன்கு பழகியது. 1969-இல் வந்த புதிய வாசக நூலின்படி ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்து லூக்கா. வாரநாட்களுக்கு ஈராண்டுச் சுழற்சி. தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டல நாட்காட்டியில் அந்தந்த ஞாயிறுக்கான பாடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். போதகருக்கு மட்டுமானது என்று பலரும் அதைத் திறப்பதே இல்லை. சனிக்கிழமை இரவே அந்தப் பாடங்களை வாசித்துவிட்டு ஆலயத்துக்குப் போகிறவருக்குப் பிரசங்கம் வேறு மாதிரிக் கேட்கும்; பிரசங்கியார் பாடத்தைத் தொட்டாரா, தொடாமலே முடித்தாரா என்பதும் தெரிந்துவிடும்.

பகுதியை நான் தேர்ந்தெடுப்பதில்லை, சபை எனக்குத் தருகிறது. உலகில் வேறெங்கோ இருக்கிறவரும் அதே நாளில் அதையே வாசிக்கிறார். இவை பெரிய பலங்கள். ஆனால் சபையும் சில இடங்களைத் தாண்டத்தான் செய்கிறது. 1971-இல் சீரமைக்கப்பட்ட, கத்தோலிக்கரின் அன்றாட ஜெபநூலான திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுவதுமாக விடப்பட்டன. சாபமொழிகள் பொது ஜெபத்துக்கு ஏற்றவையல்ல என்பது காரணம். காரணம் புரிகிறது. ஆனால் பொய் வழக்கில் சிக்கவைக்கப்பட்ட ஒருவர் தன் கோபத்தைக் கடவுளிடம் கொட்டுவதற்கு 109-ஆம் சங்கீதத்தைவிட நேர்மையான இடம் வேதத்தில் இல்லை. அதை அவர் தனியாகத்தான் தேடிப்போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, ஒரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக வாசிப்பது. இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ நான்கு படிகளைச் சொன்னார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், பின் கடவுளின் முன்னிலையில் அமைதியாக இருத்தல். கத்தோலிக்கத் தியான இல்லங்களில் இன்றும் இதைக் கற்றுத்தருகிறார்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது: வேதாகமத்தைக் கையால் எழுதுவது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் ஆதியாகமம் தொடங்கி நோட்டு நோட்டாக எழுதி முடித்திருக்கிறார்கள். நேர்ச்சைபோல எழுதுகிறவர்களும் உண்டு, சபையில் சான்றிதழ் தருவதால் எழுதுகிறவர்களும் உண்டு. நோக்கம் எதுவாயினும் எழுதும் கைக்கு அவசரம் செல்லாது.

எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 89 வசனங்கள். பலிபீடம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களும் நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். நூற்றுமுப்பது சேக்கல் எடையில் ஒரு வெள்ளித் தாலம், எழுபது சேக்கல் எடையில் ஒரு வெள்ளிக் கலம், பத்துச் சேக்கலில் பொன் கரண்டி, காளை, ஆட்டுக்கடா, ஆட்டுக்குட்டி என்று முதல் நாள் பட்டியல். இரண்டாம் நாள் அதே பட்டியல், அதே எடை. மூன்றாம் நாளும் அதே. வேகமாக வாசிக்கிறவர் ‘அப்படியே’ என்று சொல்லி எட்டாம் அதிகாரத்துக்குப் போய்விடுவார். எழுதுகிறவருக்கு அது முடியாது. பன்னிரண்டு முறையும் அந்த வெள்ளித் தாலத்தை எழுதியாக வேண்டும். ஐந்தாவது முறை எரிச்சல் வரும். எட்டாவது முறை எழுதும்போது, காணிக்கை கொண்டுவருவது மனாசே கோத்திரம் என்பது கண்ணில் படும். முதலாம் அதிகாரத்துக் கணக்கெடுப்பில் யூதாவுக்கு 74,600 பேர், மனாசேக்கு 32,200 பேர். யூதாவுக்கு முதல் நாள், மனாசேக்கு எட்டாம் நாள். ஆனால் பெரிய கோத்திரத்துக்கும் சிறிய கோத்திரத்துக்கும் ஒரே காணிக்கை, அதைப் பதிவுசெய்யவும் அதே அளவு சொற்கள். ‘மற்றவர்களும் இவ்வாறே’ என்று எழுதி முடித்திருக்கலாம், முடிக்கவில்லை.

இதை அறிந்துகொண்டு நம் ஆலயங்களின் சலவைக்கல் பலகைகளைப் பாருங்கள். பெரிய தொகை கொடுத்தவர் பெயர் மேலே, பெரிய எழுத்தில். சபை விருந்தான அசனத்துக்கு ஒரு மரக்கால் அரிசி கொடுத்த விதவையின் பெயர் எங்கும் இல்லை. எண்ணாகமம் எழுதியவர் நம் கட்டடக் குழுவில் இருந்திருந்தால் பலகையின் நீளத்தைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கும்.

மெதுவான வாசிப்புக்குக் குறை இல்லாமல் இல்லை. யோவான் சுவிசேஷத்திலும் சங்கீதத்திலும் காலமெல்லாம் குடியிருந்துவிட்டு, தீர்க்கதரிசிகளின் வாசலையே மிதிக்காதவர்கள் உண்டு. புத்தகத்தை நாமே தேர்ந்தெடுப்பதால் சல்லடை மறுபடியும் நம் கைக்கு வந்துவிடுகிறது. பிடித்த புத்தகம் ஒன்றை முடித்ததும், பரிச்சயமே இல்லாத ஒன்றை எடுப்பது என்று வைத்துக்கொண்டால் இது சரியாகும். ஆமோஸ் ஒன்பது அதிகாரம், மீகா ஏழு, ஆகாய் இரண்டே இரண்டு. பெரிய பளு ஒன்றுமில்லை.

குடும்ப ஜெபத்துக்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் மாலையில் கோயில் மணி அடித்ததும் ஜெபத்துக்குக் கூடும் வழக்கம் பழையது. எழுத்தறியாதவர்கள் நிறைந்திருந்த சபைகளில் உபதேசியார் வாசிக்க மற்றவர்கள் கேட்டே வேதத்தை அறிந்தார்கள். அந்த வழக்கத்தின் வீட்டு வடிவம்தான் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு பகுதி வாசித்து, ஜெபிப்பது. உபாகமம் 6:7 சொல்வது இதைத்தான்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுக்கிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு இவற்றைப் பேச வேண்டும். பேசுவது என்ற பகுதிதான் பல வீடுகளில் காணாமற்போய்விடுகிறது.

இங்கே முடிவுசெய்ய வேண்டிய கேள்வி ஒன்றே: பகுதியை யார் எடுப்பது? அப்பா எடுத்தால் என்ன ஆகும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மதிப்பெண் குறைந்த நாளில் நீதிமொழிகளின் சோம்பேறியும் எறும்பும் வரும். எதிர்த்துப் பேசிய நாளில் கொலோசெயர் 3:20, பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது. வாசிப்பு அங்கேயே நின்று, ஜெபம் தொடங்கிவிடும். அடுத்த வசனம் ‘பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்’ என்று இருக்கிறது. இன்னும் ஐந்து வசனம் போனால் எஜமான்களுக்கு அறிவுரை: ‘வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்.’ ஒரே மூச்சில் வாசித்தால் வீட்டில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். 20-இல் நிறுத்தினால் ஒருவருக்கு மட்டும் அடி. வேதத்தைவிட்டு விலகிய இளைஞர்களில் பலர், பதினைந்து வயதுவரை அது எப்போதும் தங்களை நோக்கியே வாசிக்கப்பட்டதைத்தான் நினைவுகூர்கிறார்கள்.

எனவே குடும்ப ஜெபத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தால் வரிசையாகப் போக வேண்டும், ஆளுக்கு ஒரு நாள் வாசிக்க வேண்டும், கடைசிப் பிள்ளைக்கும் கேள்வி கேட்க இடம் வேண்டும். தாவீதின் மகள் தாமார் சகோதரனாலேயே பலாத்காரம் செய்யப்பட்ட கதை வரும் 2 சாமுவேல் 13, நியாயாதிபதிகள் 19 போன்ற பகுதிகள் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சிறியவர்களுக்குத் தள்ளிவைக்கலாம். பதின்ம வயதுப் பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் தாமாரின் கதையைத் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே தன்னைக் காக்க வேண்டியவர்கள் எல்லோரும் மௌனமாகிவிட்ட ஒரு பெண்ணின் குரல் இருக்கிறது. அப்பாவான தாவீது கோபப்பட்டான், ஒன்றும் செய்யவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேச வேண்டிய வயது அது.

காதால் கேட்பது, கைப்பேசியில் வாசிப்பது இரண்டையும் சுருக்கமாக முடிக்கலாம். கேட்பது கதைப் பகுதிகளுக்குப் பொருத்தம். மாற்கு சுவிசேஷம் முழுவதையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கேட்டு முடிக்கலாம். துண்டு துண்டாக வாசித்தபோது தெரியாத வேகம் அதில் தெரியும். ரூத், யோனா, எஸ்தர் ஆகியவையும் அப்படியே. சமையலறையிலும் நீண்ட பஸ் பயணத்திலும் கண்பார்வை மங்கியவர்களுக்கும் இது பெரிய கொடை. பவுலின் நிருபங்கள் காதில் நிற்பதில்லை. எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரை மூல கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். அங்கே கண் திரும்பிப் போக வேண்டும். கைப்பேசி தேடுவதற்கு நல்லது, வாசிப்பதற்குச் சுமார். விடாமல் வாசித்த நாட்களை எண்ணிக் காட்டும் செயலிகளில், எண்ணிக்கை அறுந்துபோகக்கூடாது என்பதற்காக இரவு 11:50-க்கு ஒரு அதிகாரத்தைத் தள்ளிவிடுகிறவர்கள் கணிசம். மெக்செய்ன் சொன்ன சடங்கு வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

எந்த மொழிபெயர்ப்பு என்ற கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. சபையில் வாசிக்கிற, மனப்பாடமாக இருக்கிற பழைய திருப்புதலை வைத்துக்கொள்ளுங்கள். யோபுவிலும் நிருபங்களிலும் முட்டி நிற்கும்போது, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள். இரண்டும் மேசையில் இருப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது.

யாருக்கு எது? இரவுப் பணி மாறிமாறி வரும் செவிலியருக்கு ஓராண்டுத் திட்டம் வேண்டாம். நான்கு நாள் தவறியதும் நாற்பது நாள் தவறியதுபோல மனம் சோரும். ஞாயிறு பாடங்களை வாரம் முழுவதும் கையில் வைத்திருப்பதும், பயணத்தில் கேட்பதும் அவருக்குப் போதும். விடுதியில் இருக்கும் கல்லூரி மாணவர் தனியாக வாசிப்பதைவிட இரண்டு நண்பர்களோடு ஒரு சுவிசேஷத்தை எடுப்பது நல்லது. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனபோது, கருத்து தெரிகிறதா என்று பிலிப்பு கேட்டான். ‘ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்’ என்று அந்தப் பெரிய மனிதரே ஒத்துக்கொண்டார். ஓய்வுபெற்றவர் மெக்செய்ன் திட்டத்தையும் கையெழுத்தையும் ஒன்றாகவே முயலலாம், நேரம் இருக்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வரிசையான குடும்ப வாசிப்பைத் தவிர நான் வேறொன்றையும் முதலிடத்தில் வைக்க மாட்டேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு லூக்காவும் அதைத் தொடர்ந்து அப்போஸ்தலருடைய நடபடிகளும். ஒரே ஆசிரியர், 52 அதிகாரம், ஒரே கதையோட்டம்.

வாசிப்பு வெகுநாளாக அறுந்துபோயிருக்கிறவர், கடையோ பட்டறையோ தோட்டமோ வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர் என்றால், ஜனவரிக்குக் காத்திராமல் யாக்கோபு நிருபத்தை எடுக்கலாம். ஐந்தே அதிகாரம். திங்களன்று ஒன்றாம் அதிகாரத்தில் தொடங்கினால், வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லும் ஐந்தாம் அதிகாரம் வெள்ளிக்கிழமை வரும். வாரக்கூலி கொடுப்பது சனிக்கிழமை.